பேரணாம்பட்டு சின்னப் பெயரா, பெரிய பெயரா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "வேகமா இருக்குமா?" என்பதுதான். கடைக்காரரும் பிராசசர், ரேம், எஸ்.எஸ்.டி. என்று அடுக்கிக்கொண்டே போவார். அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் வேகம் என்பது நாம் வாங்கும் பெட்டியில் மட்டும் இல்லை. அந்தப் பெட்டியில் ஓடும் புரோகிராமை எழுதியவர் எதை மனதில் வைத்து எழுதினார் என்பதிலும் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள மிகச் சின்ன வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பெயரை மெமரியில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகல் எடுப்பது. இதில் என்ன கட்டுரை எழுத இருக்கிறது என்று நினைக்கலாம். உலகத்தின் மிகச் சிறந்த புரோகிராமர்கள் ஐம்பது ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை இது. ஒரு சாப்ட்வேர் என்ஜினியராக என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பெயரை வேகமாக நகல் எடுக்கப் பல நல்ல உத்திகள் வந்துவிட்டன. ஆனால் 'சின்னப் பெயர்' என்பதற்கு அளவு வைத்தவர்கள் ஆங்கிலத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். அந்த அளவில் நம் ஊர்ப் பெயர்களும் நம் பெயர்களும் அடங்குவதில்லை. அதன் விலையை நாம்தான் கொடுக்கிறோம்.

கம்ப்யூட்டர் ஓயாமல் செய்யும் வேலை

நீங்கள் ஒரு போல்டரைத் திறக்கிறீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு பைலின் பெயரும் ஹார்ட் டிஸ்கிலிருந்து மெமரிக்கு வருகிறது. மெமரியில் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொரு புரோகிராமுக்குப் போகிறது. பிறகு திரைக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நகல். இப்படி வரும் எழுத்துத் தொடரை புரோகிராமர்கள் 'ஸ்ட்ரிங்' என்பார்கள். பெயர், ஊர், பாஸ்வேர்டு, மெனுவில் தெரியும் சொல் எல்லாம் ஸ்ட்ரிங்தான். இவற்றில் பெரும்பாலானவை சின்னவை. கூகிள் பொறியாளர்கள் தங்கள் சர்வர்களில் நடக்கும் நகல் வேலைகளை அளந்து 2021-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதிலும் மிகப் பெரும்பாலான நகல்கள் 128 பைட்டுக்கு உட்பட்டவையாகவே இருந்தன. ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்து பிடிக்கும் இடம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு தோலுக்கு லாரி எதற்கு?

என் ஊர் வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டு. தோல் பதனிடும் ஊர். இங்கிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆயிரம் தோல் போக வேண்டுமானால் லாரி வைப்பார்கள். எண்ணிக் கட்ட வேண்டும், பில் போட வேண்டும், தார்ப்பாய் கட்ட வேண்டும். ஆயிரம் தோல் என்பதால் இந்தச் சடங்கெல்லாம் கட்டுப்படியாகும். சாம்பிளுக்கு நாலு தோல் அனுப்பவும் லாரிதான் என்றால்? லாரிக்குத் தார்ப்பாய் கட்டி முடிப்பதற்குள், பைக்கில் கட்டிக்கொண்டு போனவர் ஆம்பூரில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். சி மொழியில் நகல் எடுப்பதற்கென்றே 'மெம்காப்பி' என்ற கட்டளை இருக்கிறது. பெரிய பைலை நகல் எடுக்க அது லாரி மாதிரி. ஆனால் அது வேலையைத் தொடங்குமுன் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். எத்தனை பைட்? எட்டுக்கு மேலா, கீழா? பதினாறுக்கு மேலா? எந்த வழியில் போகலாம்?

இந்தக் கேள்விகள்தான் செலவு. இன்றைய பிராசசர் பதில் வரும்வரை காத்திருப்பதில்லை. 'போன தடவை இப்படித்தான் இருந்தது, இந்தத் தடவையும் அப்படித்தான் இருக்கும்' என்று ஊகித்து வேலையை ஆரம்பித்துவிடும். ஊகம் சரியாக இருந்தால் லாபம். தவறானால் செய்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அதில் சுமார் 15 முதல் 20 கிளாக் சுற்றுகள் வீணாகும். பன்னிரண்டு பைட்டை நகல் எடுப்பதோ நாலைந்து கட்டளையில் முடிகிற வேலை. நகலைவிட, எப்படி நகல் எடுப்பது என்ற யோசனைக்கு ஆகும் செலவு அதிகம். ஒரு ஸ்ட்ரிங் 5 பைட், அடுத்தது 13, அதற்கடுத்தது 9 என்று மாறி மாறி வரும்போது ஊகம் அடிக்கடி தவறும்.

ஆகவே கெட்டிக்காரப் புரோகிராமர் கேள்விகளைக் குறைப்பார். ஓர் உத்தியைப் பாருங்கள். 13 அடி நீள மேசையை மூட வேண்டும். கையில் இரண்டு 8 அடி தார்ப்பாய் இருக்கிறது. அளந்து வெட்டவா செய்வோம்? ஒன்றை இந்த ஓரத்திலிருந்து விரிப்போம், இன்னொன்றை அந்த ஓரத்திலிருந்து விரிப்போம். நடுவில் 3 அடி ஒன்றின்மேல் ஒன்று விழும். விழட்டுமே! அப்படியே, 13 பைட் ஸ்ட்ரிங்கை நகல் எடுக்க முதல் 8 பைட்டை ஒரே எடுப்பில் எடுக்கலாம், கடைசி 8 பைட்டை இன்னொரு எடுப்பில் எடுக்கலாம். நடுவில் 3 பைட் இரண்டு தடவை எழுதப்படும். நஷ்டமில்லை. 8 முதல் 16 வரை எந்த நீளமாக இருந்தாலும் இதே இரண்டு எடுப்பு போதும். தனித்தனிக் கேள்வி தேவையில்லை. பார்க்க எளிமை, பலன் பெரிது. நான் இந்த வேலையை விரும்பிச் செய்வதற்கு இப்படிப்பட்ட உத்திகளே காரணம்.

சட்டைப்பையில் 15 பைட்

இன்னோர் உத்தி, சின்ன ஸ்ட்ரிங்கைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வது. சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு ஸ்ட்ரிங்கை உருவாக்கினால், வழக்கமாக அதற்கு மெமரியில் தனியாக இடம் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். நகல் எடுப்பதைவிட இந்த இடம் பிடிக்கும் வேலைக்குச் செலவு அதிகம். அதனால் ஸ்ட்ரிங்கின் விவரங்களை எழுதி வைக்கும் சின்ன இடத்துக்குள்ளேயே ஒரு பை வைத்துவிட்டார்கள். ஸ்ட்ரிங் அந்தப் பைக்குள் அடங்கினால் வெளியே இடம் தேட வேண்டாம்.

அந்தப் பை எவ்வளவு பெரியது? மைக்ரோசாப்ட் தரும் சி பிளஸ் பிளஸ்ஸில் 15 பைட். லினக்ஸில் பயன்படும் குனு தொகுப்பிலும் 15 பைட். ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் பயன்படும் தொகுப்பில் 22 பைட்.

இனி எங்கள் பக்கத்து ஊர்களை அந்தப் பையில் போட்டுப் பார்ப்போம். ஆங்கிலத்தில் எழுதினால் வேலூர் 7 பைட், ஆம்பூர் 5, குடியாத்தம் 10, வாணியம்பாடி 11. பேரணாம்பட்டை உச்சரிப்புப்படி எழுதினால் 12. எல்லாமே 15-க்குள் அடங்கிவிட்டன.

தமிழில் எழுதுங்கள். வேலூர் 18 பைட். ஆம்பூர் 21. குடியாத்தம் 33. வாணியம்பாடியும் 33. பேரணாம்பட்டு 36. மூன்றே எழுத்து உள்ள வேலூர்கூட 15 பைட் பைக்குள் போகவில்லை! 22 பைட் பையில் வேலூரும் ஆம்பூரும் நுழைந்துவிடும். பேரணாம்பட்டு அங்கும் வெளியேதான். இந்த வட்டாரத்தில் ஆரணி மட்டும் 12 பைட்டில் தப்பிக்கிறது.

ஏன் இப்படி? யூனிகோட் பட்டியலில் முதல் 128 இடங்களில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் இருக்கின்றன. இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யு.டி.எப்-8 முறையில் அவற்றுக்கு 1 பைட் போதும். 2047-ஆம் இடம் வரை 2 பைட். தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 2944 முதல் 3071 வரை. அதனால் 3 பைட். போதாததற்கு, 'பே' என்ற ஓர் எழுத்து அங்கே 'ப' ஒன்று, ஏகாரக் குறி ஒன்று என இரண்டாகத்தான் எழுதப்படுகிறது. ஆக, 'பே' மட்டுமே 6 பைட்.

நீங்களே பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து உங்கள் பெயரை ஆங்கிலத்தில் அடித்து சேவ் செய்யுங்கள். இன்னொரு பைலில் தமிழில் அடித்து சேவ் செய்யுங்கள். சேவ் செய்யும் பெட்டியில் என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்-8 இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு பைலின் மேலும் ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் பாருங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' என்பதை விட்டுவிட்டு 'சைஸ்' என்பதை மட்டும் பாருங்கள். வித்தியாசம் தெரியும். எஸ்.எம்.எஸ். அனுப்பியவர்களுக்கு இது புதிதல்ல. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறிகள்தான்.

இதற்காக யூனிகோடை நான் குறை சொல்லவில்லை. டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துமுறை இருந்த காலத்தில், ஒரு கம்ப்யூட்டரில் அடித்த கடிதம் இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. அந்தத் தொல்லை ஒழிந்தது யூனிகோடால்தான். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட 'டேஸ்-16' முறையில் ஓர் எழுத்துக்கு 2 பைட்தான். பேரணாம்பட்டு 14 பைட்டில் முடிந்துவிடும். ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரும் எல்லாப் போனும் படிக்கும் எழுத்து என்பது சில பைட் மிச்சத்தைவிடப் பெரிய லாபம். நான் கேட்பது வேறு. பையைத் தைக்கும்போது எங்கள் உடம்புக்கும் ஒரு தடவை அளவெடுங்கள் என்கிறேன்.

இரண்டு முத்துவுக்கு ஒரு சம்பளமா?

பைக்குள் அடங்காவிட்டால் கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். வேகத்தோடு நின்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு சின்ன யூனிட்டில், வாரக் கூலிப் பட்டியலைத் தமிழில் அடிக்க ஒரு சாப்ட்வேர் வாங்கிப் போட்டார்கள். அதில் பெயருக்கு ஒதுக்கியிருந்த இடம் 20 பைட். சூப்பர்வைசர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த லிஸ்ட்டைப் பாரு. முத்துன்னு ரெண்டு வாட்டி வருது. எந்த முத்துக்கு ஓவர்டைம்?"

"டோக்கன் நம்பர் இருக்கா அண்ணே?"

"பேரை வச்சுத்தானே தம்பி கூப்பிட்டுக் காசு குடுக்கறோம்!"

ஒருவர் முத்துலட்சுமி, மற்றவர் முத்துச்செல்வி. 'முத்து' என்பதற்கே 18 பைட் ஆகிவிட்டது. மிச்சம் 2 பைட். அடுத்த எழுத்துக்கு 3 பைட் வேண்டும். சாப்ட்வேர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டத்தை மட்டும் காட்டியது. இதில் இன்னொரு வேடிக்கை. 'ல' எழுத்துக்கும் 'ச' எழுத்துக்கும் முதல் இரண்டு பைட் ஒன்றுதான். ஆகவே வெட்டிய பிறகு இரண்டு பெயருக்கும் 20 பைட்டும் அச்சு அசல் ஒன்று. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இரண்டு பேரும் ஒரே ஆள். இருவருக்கும் தனித்தனியாக ஓவர்டைம் பாக்கி இருந்தது.

சாப்ட்வேர் கொடுத்தவரிடம் கேட்டபோது வந்த பதில்: "பேரை இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க சார், சரியா வரும்." இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கூலி வாங்குபவர் தன் பெயரைத் தானே படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் தமிழ்ப் பட்டியல். கட்டத்தின் அளவை மாற்றுவது புரோகிராமருக்கு ஒரு வரி வேலை. பெயரை மாற்றிக்கொள் என்பது ஆளுக்கே இடமில்லை என்பது போல.

இப்படி வெட்டும் பழக்கத்துக்குப் பழைய வேர் உண்டு. சி மொழியில் 'ஸ்ட்ர்என்காப்பி' என்றொரு கட்டளை இருக்கிறது. பழைய யூனிக்ஸில் பைல் பெயருக்கு 14 பைட் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். அதுபோன்ற குறிப்பிட்ட அளவுள்ள கட்டங்களை நிரப்ப உருவானது அது. இத்தனை பைட் என்று சொன்னால் அத்தனையில் நிறுத்திவிடும். எழுத்து பாதியில் நிற்கிறதா என்று பார்க்காது. அது பிறந்த காலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட் என்பதால் அந்தக் கேள்வியே எழவில்லை. இன்றைக்கும் அதையே பயன்படுத்துகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீளம் கேட்காத நகல்

வெட்டுவது ஒரு தவறு. வெட்டாமலே போய்க்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய தவறு. சி மொழியில் ஸ்ட்ரிங்குக்கு நீளம் எழுதி வைப்பதில்லை. முடிகிற இடத்தில் பூஜ்யம் ஒன்று வைப்பார்கள். 'பூஜ்யம் வரும்வரை நகல் எடு' என்றால் வேலை முடிந்தது. ஒரே வரியில் எழுதிவிடலாம், வேகமாகவும் ஓடும். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. இடம் போதாவிட்டால் பக்கத்தில் இருப்பதன்மேல் எழுதிக்கொண்டே போகும்.

2003 ஆகஸ்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு 'பிளாஸ்டர்' என்ற பெயர் நினைவிருக்கும். விண்டோஸ் எக்ஸ்.பி.யில் திடீரென்று ஒரு பெட்டி தோன்றும். 60 நொடியில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும் என்று எண்ணிக்கை ஓடும். அந்த வைரஸ் நுழைந்த ஓட்டை எது தெரியுமா? ஒரு கம்ப்யூட்டரின் பெயரை நகல் எடுக்கும் சின்ன லூப். பின்சாய்வுக் கோடு வரும்வரை எழுத்து எழுத்தாக எடுத்து வை என்று எழுதியிருந்தார்கள். பெயர் சின்னதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. யாரோ வேண்டுமென்றே நீளமான பெயரை அனுப்பியபோது நம்பிக்கை உடைந்தது. மைக்ரோசாப்ட் 2003 ஜூலை 16 அன்றே திருத்தம் வெளியிட்டுவிட்டது. வைரஸ் பரவியது ஆகஸ்ட் 11 அன்று. இடையில் 26 நாள். அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

சிப்புக்குள்ளேயும் குறுக்கு வழி

சாப்ட்வேர்தான் இப்படி என்றில்லை. சின்ன நகல்கள் இத்தனை முக்கியம் என்பதால் இன்டெல் நிறுவனம் சிப்பிலேயே உதவி செய்தது. 2019-இல் வந்த ஐஸ் லேக் வகை பிராசசர்களில், சின்ன அளவு நகலை வேகமாக்கும் வசதி சேர்க்கப்பட்டது. முன்பு சொன்ன லாரிக்கே பைக் என்ஜின் பொருத்தியது போல. நல்ல வசதிதான்.

2023-இல் கூகிள் பொறியாளர்கள் அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். நகல் எடுக்கும் கட்டளையின் முன்னால் தேவையில்லாத ஒரு முன்னொட்டைச் சேர்த்தால், சில சமயம் பிராசசர் நிலைதடுமாறி மெஷினே நின்றுபோனது. பல வாடிக்கையாளர்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், ஒருவர் எல்லோருடைய வேலையையும் நிறுத்திவிட முடியும். 'ரெப்டார்' என்று பெயரிட்டு நவம்பர் 14 அன்று அதை வெளியிட்டார்கள். இன்டெல்லும் திருத்தம் தந்தது. வேகத்துக்காகப் போடும் குறுக்கு வழியில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று முழுதும் நடந்து பார்த்த பிறகுதான் தெரிகிறது.

இதெல்லாம் தேவையா?

'இன்றைய கம்ப்யூட்டர் வேகத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு?' என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். எல்லோரும் புது மாடல் வைத்திருப்பதில்லை. பழைய கம்ப்யூட்டரும் மலிவான போனும்தான் எங்கள் ஊர்க் கடைகளில் அதிகம். ஒவ்வொரு நகலிலும் மிச்சமாகும் துளி, கோடிக்கணக்கான நகல்களில் பேட்டரியாகவும் நேரமாகவும் சேரும். ஆகவே உத்திகள் வேண்டும். வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். வேகத்தை அளக்கும்போது தமிழ்ப் பெயர்களையும் போட்டு அளந்து பாருங்கள். நகல் எடுக்குமுன் நீளத்தைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் எந்த வேகத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பைட்டை எண்ணி வெட்டாமல், எழுத்து முடியும் இடம் பார்த்து வெட்டுங்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கும் மூன்று. முதலாவது, விண்டோஸ் அப்டேட் கேட்கும்போது 'பிறகு' என்று தள்ளிப்போடாதீர்கள். ரெப்டார் போன்ற பிராசசர் பிழைகளின் திருத்தமும் சிஸ்டம் அப்டேட் மூலமாகவோ, கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் தரும் பயாஸ் அப்டேட் மூலமாகவோதான் வந்து சேருகிறது. இரண்டாவது, கடைக்கோ தொழிலுக்கோ சாப்ட்வேர் வாங்குமுன், உங்களிடம் உள்ளதிலேயே நீளமான தமிழ்ப் பெயரை அடித்து, சேவ் செய்து, பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். பெயர் முழுசாக வந்தால் பணம் கொடுங்கள். மூன்றாவது, பெயர் பாதியில் நின்றால், கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வந்தால், அதை உங்கள் தவறென்றோ தமிழின் குறை என்றோ நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். 'பெயருக்கு எத்தனை பைட் வைத்திருக்கிறீர்கள்?' என்று விற்றவரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த பதிப்பில் அந்த எண் மாறியிருக்கும்.